ஆமைக்குக் கொஞ்சம் இருட்டு

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. இரண்டும் கடலாமைகளைப் பற்றியவை. ஒன்று நாம் விட்டு வந்த கரையில். மற்றொன்று நாம் பிழைக்க வந்த கரையில்.

சென்னையில் அந்த ஒரே மாதத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. பலவற்றுக்குக் கண்கள் பிதுங்கியிருந்தன, கழுத்து வீங்கியிருந்தது. நீருக்குள் மூச்சுத் திணறிச் செத்ததற்கு அவைதான் அடையாளம் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் விளக்கம் கேட்டது.

அதே ஜனவரி 27ஆம் தேதி, இங்கே ரத்னகிரி மாவட்டம் குஹாகர் கடற்கரையில் ஓர் ஆமை ஏறி வந்து முட்டையிட்டது. அதன் துடுப்பில் ஓர் உலோகத் தகடு. தகட்டில் 03233 என்ற எண். விசாரித்துப் பார்த்தபோது, 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒடிசாவின் கஹிர்மாதா கடற்கரைக்கு அது முட்டையிட வந்த சமயம் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையினர் மாட்டிய தகடு என்று தெரிந்தது. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் பயணம். இலங்கையைச் சுற்றிக்கொண்டு வந்ததோ, பாக் நீரிணையில் நுழைந்து வந்ததோ, கண்டவர் யாரும் இல்லை. எப்படி வந்திருந்தாலும் குமரிமுனையை வளைத்துத்தான் இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். குஹாகரில் அது இட்ட முட்டைகள் 120. அவற்றில் 107 பொரித்துக் குஞ்சுகள் கடலுக்குப் போயின.

பிழைப்புக்காகக் கரை மாறி வந்த நமக்கு இந்த ஆமையிடம் தனிப் பிரியம் ஏற்படுவது இயற்கையே. ஆனால் பிரியம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு கரையில் ஆயிரம் சாவதற்கும், இன்னொரு கரையில் ஒன்று பிழைத்து நூறு குஞ்சுகளை விடுவதற்கும் காரணம் என்ன? அதைப் புரிந்துகொள்ள, இந்தப் பிராணி எப்படி முட்டையிடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் இரு கரைகளிலும் அதிகமாக முட்டையிடுவது, மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் சிற்றாமை. இரண்டு, இரண்டேகால் அடி நீளம். நாற்பது கிலோ அளவில் எடை. தமிழகக் கரையில் தை பிறக்கும்போது வரத் தொடங்கிப் பங்குனி வரை வந்துகொண்டிருக்கும். ஆண் ஆமை பிறந்த அன்று கடலுக்குள் போனால் போனதுதான், திரும்பக் கரையேறுவதில்லை. பெண் ஆமை மட்டும், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கடலில் வளர்ந்து பருவமடைந்த பிறகு, முட்டையிடுவதற்காகக் கரைக்கு வருகிறது. பெரும்பாலும் தான் பிறந்த கரையின் பக்கமாகவே வருகிறது. பூமியின் காந்தப் புலம் ஒவ்வொரு கரையிலும் சற்றே வேறுபடுகிறது. குஞ்சாக இருக்கும்போதே அந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிடுகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். மணலில் சில நிமிடங்களே இருந்த குஞ்சு, அந்த மண்ணை இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அடையாளம் கண்டுகொள்கிறது! குஹாகருக்கு வந்த ஆமை இதற்கு விதிவிலக்கா, அல்லது இப்படிக் கரை மாறும் ஆமைகள் இன்னும் பல இருந்தும் நம் கண்ணில் படவில்லையா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

இரவு நேரத்தில், அலை ஓய்ந்த ஓர் இடமாகப் பார்த்து அது கரையேறுகிறது. தண்ணீரில் லேசாக மிதக்கும் உடம்பு மணலில் பெரும் பாரம். நான்கு அடி வைத்தால் ஒரு முறை நின்று மூச்சு வாங்குகிறது. இந்தக் கட்டத்தில் ஒரு மின்பொறி விளக்கு அடித்தாலும், ஆள் நடமாட்டம் தெரிந்தாலும், நாய் குரைத்தாலும் முட்டையிடாமலே திரும்பிவிடும். தொல்லை இல்லையென்றால், அலை எட்டாத மேட்டு மணலுக்குப் போகும். முன்துடுப்பால் மேல்மணலை ஒதுக்கிவிட்டுப் பின்துடுப்புகள் இரண்டாலும் குழி தோண்டத் தொடங்கும். ஒரு துடுப்பு மணலை அள்ளி வெளியே வைக்கும். அடுத்தது உள்ளே போகும். கண்ணால் பார்க்க முடியாத அந்தக் குழியை, ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்ற பானைபோல அது வெட்டி எடுக்கும் நேர்த்தியை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

பிறகு முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழும். மேசைப் பந்து அளவு, வெள்ளை நிறம், ஓடு கோழி முட்டைபோல் உடையாது, தோல்போல் வளைந்து கொடுக்கும். ஒரு தடவைக்கு நூறு, நூற்றிருபது. அந்த நேரத்தில் ஆமையின் கண்களிலிருந்து நீர் வழியும். பிரசவ வேதனையில் தாய் அழுகிறாள் என்று சொல்வதுண்டு. உண்மையில் அது உடம்பில் சேர்ந்த கடலுப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றும் வேலை. கடலுக்குள் இருக்கும்போதும் அது வழிந்துகொண்டுதான் இருக்கிறது. கரைக்கு வந்தால்தான் நமக்குத் தெரிகிறது. முட்டையிட்டு முடிந்ததும் குழியை மூடி, உடம்பை இடமும் வலமுமாகச் சாய்த்துத் தொப்தொப்பென்று மணலைக் கெட்டித்து, அடையாளம் தெரியாதபடி மேல்மணலை விசிறிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்து வேலை. அதே பருவத்தில் இன்னும் ஓரிரு முறை வரும். தன் குஞ்சை அது காண்பதே இல்லை.

இதையெல்லாம் நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். அகநானூற்றில் ஒரு நெய்தல் பாட்டு, அடும்பங்கொடி படர்ந்த வெண்மணலில் சூல் கொண்ட ஆமை முட்டையிட்டு மறைத்துப் புதைப்பதைச் சொல்கிறது. முட்டையின் உருண்டை வடிவமும் புலால் நாற்றமும்கூட அதில் தப்பவில்லை. குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் இருக்கும் என்று அந்தப் பாட்டு சொல்வதுதான் நடைமுறையில் இல்லாதது. நல்ல கணவனைப் பற்றிய பாட்டாசிரியரின் ஆசை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆண் ஆமைக்குப் பதில் காவல் இருப்பது மணல்தான். நாற்பத்தைந்து முதல் அறுபது நாள்வரை அந்த மணலின் வெப்பம் முட்டைகளை அடைகாக்கிறது. பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் அந்த வெப்பமே. 29, 30 டிகிரியை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். சூடு அதைவிட ஏறினால் பெண்ணாகவும், இறங்கினால் ஆணாகவும் பிறக்கும். குஞ்சுகள் எல்லாம் கூடி மணலைத் துளைத்து மேலே வந்து, மேல்மணல் குளிர்வதை உணர்ந்ததும், அதாவது இரவு வந்ததும், ஒரே கூட்டமாக வெளியேறுகின்றன. வழிகாட்ட யாரும் இல்லை. அவற்றுக்குத் தெரிந்த விதி ஒன்றே: எந்தத் திசை வெளிச்சமாக இருக்கிறதோ அந்தத் திசையில் ஓடு. மனிதன் விளக்குப் போடாத காலத்தில், இரவில் வானத்து ஒளியைப் பிரதிபலிக்கும் கடல்தான் வெளிச்சமான திசை. இன்று கடற்கரைச் சாலை விளக்கும், ஓட்டல் விளக்கும், விளம்பரப் பலகையும்தான் வெளிச்சம். குஞ்சுகள் சாலையை நோக்கி ஓடுகின்றன. சக்கரத்தில் நசுங்கியவை போக, மீதி நாய்க்கு, விடிந்தால் காக்கைக்கு. தப்பிக் கடலுக்குப் போனவற்றிலும் ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து பெரிதாகிறது என்பது பொதுவான கணக்கு. அந்த ஆயிரத்தில் ஒன்றுதான் சென்னைக் கரையில் ஆயிரமாகச் செத்துக் கிடந்தது.

எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடும் என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இது ஒழுங்காகத் தெரியாது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சதீஷ் பாஸ்கர் என்பவர் 1977 முதல் இந்தியக் கரையை நடந்தே அளந்தார். நாலாயிரம் கிலோமீட்டர் நடந்திருப்பார் என்கிறார்கள். 1982இல், மழைக்காலத்தில்தான் பேராமை முட்டையிடுகிறது என்பதற்காக, லட்சத்தீவில் ஆளில்லாத சுகேலித் தீவில் ஐந்து மாதம் தனியாகத் தங்கினார். மழைக்காலத்தில் அங்கே படகு போகாது, கடிதம் போகாது. மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கி, ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அஞ்சலில் சேர்த்து, மனைவியின் கைக்கு வந்தது. குடும்பத்தை ஊரில் விட்டு வேலைக்கு வந்த நம்மவர்களுக்கு அந்தக் கடிதத்தின் அருமை தெரியும். 2023இல் அவர் காலமானபோது எத்தனை பத்திரிகைகள் நாலு வரி எழுதின என்பதை நாம் இங்கே கேட்கப் போவதில்லை.

அவரும் அவரைப் போன்றவர்களும் திரட்டிய விவரத்தால் தெரிந்தவை இவை: லட்சத்தீவிலும் குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையிலும் பேராமை, அந்தமான் நிக்கோபாரில் அழுங்காமையும், எல்லாவற்றிலும் பெரிதான தோணி ஆமையும், இரு கரைகளிலும் சிற்றாமை. தோணி ஆமை வரும் பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவுக்குச் சரணாலயம் என்று இருந்த அந்தஸ்தை 2021இல் ரத்து செய்து, அங்கே துறைமுகம் கட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். சிற்றாமைகள் லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறும் அதிசயம் ஒடிசாவில் நடக்கிறது. கஹிர்மாதா 1974இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதுவரை அங்கே முட்டை எடுக்க அரசே உரிமம் கொடுத்தது. படகு படகாக முட்டைகள் போயின. ஆமைகளை உயிரோடு பிடித்துக் கல்கத்தா சந்தைக்கு ரயிலேற்றிய கொடுமையும் நடந்தது. சட்டமும் கடலோரக் காவல் படையும் சேர்ந்து அதை அடக்கின. 2025 பிப்ரவரியில் ருஷிகுல்யா முகத்துவாரத்தில் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கு வந்தது. ஆக, மனம் வைத்தால் முடியும்.

இனிச் சாவுக்கு வருவோம். ஆமைக்கு மீனைப்போலச் செவுள் கிடையாது. நம்மைப்போல நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது. அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலை மணிக்கணக்கில் அடித்தரையை வாரிக்கொண்டு போகும்போது அதற்குள் சிக்கிய ஆமை மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. முட்டையிட வந்த ஆமைகள் கரையோரக் கடலில்தான் கூடி நிற்கும். கரையோரத்தில் இழுவலை போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கரையோரத்தில்தான் இறாலும் இருக்கிறது. சட்டத்துக்கும் இறாலுக்கும் நடந்த போட்டியில் எது ஜெயித்தது என்பதைச் சென்னைக் கரை சொன்னது. கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதற்குள் ஆமைகள் முட்டையிட்டுத் திரும்பிவிடுகின்றன, அல்லது செத்துவிடுகின்றன.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. வலைக்குள் சாய்வாக ஒரு கம்பித் தட்டியும் அதன்மேல் ஒரு திறப்பும் வைத்தால் இறால் தட்டியின் இடைவெளியில் புகுந்து வலைக்குள் போகும். ஆமை தட்டியில் மோதித் திறப்பு வழியே வெளியேறிவிடும். நம் நாட்டு வலைக்கு ஏற்றபடி கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்பக் கழகம் இதைச் செய்தும் கொடுத்திருக்கிறது. இந்தக் கருவியைப் பயன்படுத்துவதில்லை என்று காரணம் காட்டி அமெரிக்கா 2019இல் இந்தியக் கடல் இறாலை வாங்குவதையே நிறுத்தியது. ஆமைக்காக இல்லாவிட்டாலும் ஏற்றுமதிக்காகவாவது இதை என்றோ கட்டாயமாக்கி நடைமுறைப்படுத்தியிருக்கலாம்.

ஆனால் மீனவரைக் குற்றவாளியாக்கிவிட்டு நகரத்தார் கை கழுவுவதை நாம் ஏற்க முடியாது. திறப்பு வழியே கொஞ்சம் மீனும் போய்விடும் என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. விசைப்படகில் போகும் கூலியாள், பிடித்ததில் பங்கு வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர். அவர் படகின் முதலாளி அல்ல. கருவியின் செலவை அரசு ஏற்க வேண்டும். குறையும் மீனுக்கு ஈடு கொடுக்க வேண்டும். தடையை மீறும் விசைப்படகைப் பிடிக்க ரோந்துப் படகும் எரிபொருளும் வேண்டும். ஒடிசாவில் நவம்பர் முதல் தேதியிலிருந்து மே 31 வரை, ஏழு மாதம், தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டி 20 கிலோமீட்டருக்குள் மீன் பிடிக்கத் தடை இருக்கிறது. ஏழு மாதம் ஒருவரைப் பட்டினி போட்டுவிட்டு ஆமையை நேசி என்றால் யார் கேட்பார்கள்? காலையில் இறால் குழம்பு கேட்டு மாலையில் ஆமைக்காகக் கண்ணீர் விடும் நமக்கும் இதில் பங்கு உண்டு.

மீன்பிடி ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதே ரத்னகிரியில் வேளாஸ் கிராமம் சாட்சி. ஒரு காலத்தில் அங்கே முட்டையைத் தோண்டி எடுப்பது வழக்கமாக இருந்தது. 2002இல் சிப்ளூனைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ரா அமைப்பு ஊராரிடம் பேசி, முட்டைகளை வேலியிட்ட இடத்துக்கு மாற்றிப் புதைத்துக் காக்கத் தொடங்கியது. 2006 முதல் ஆமைத் திருவிழா. குஞ்சுகள் கடலுக்குப் போவதைக் காண மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கிராமத்தார் தம் வீடுகளிலேயே தங்கவைத்துச் சோறு போட்டுக் காசு பார்க்கிறார்கள். முட்டை தின்ற ஊர் இப்போது முட்டைக்குக் காவல் நிற்கிறது. சென்னையிலும் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைத் தேடிக் காப்பாற்றி வருகிறார்கள்.

மும்பைக்குள்ளேயே ஒரு சான்று உண்டு. வெர்சோவா கடற்கரையில் 2015 முதல் தன்னார்வலர்கள் குப்பையை அள்ளினார்கள். 2018 மார்ச்சில் அதே மணலிலிருந்து ஏறத்தாழ 80 ஆமைக் குஞ்சுகள் வெளிவந்து கடலுக்குப் போயின. இருபது ஆண்டுகளாகக் காணாத காட்சி என்றார்கள். அந்தேரியில் வேலை முடித்து மாலையில் காற்று வாங்க நம்மவர்கள் போகும் அதே வெர்சோவாதான்!

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. ஆமை எந்த வீட்டிலும் புகுந்ததாக நாம் அறியோம். அதன் வீட்டுக்குள் சாலையும் விளக்கும் கடையுமாக நாம்தான் புகுந்திருக்கிறோம்.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நாட்களே ஆமை கரையேறும் நாட்கள். காணும் பொங்கலன்று கடற்கரைக்குப் போனால் சாப்பிட்ட தாளையும் பிளாஸ்டிக் பையையும் மணலில் விட்டு வராதீர்கள். இரவில் ஆமையைக் கண்டால் விளக்கு அடிக்காதீர்கள். கைபேசியில் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். அதன் பின்பக்கமாக, எட்டவே நில்லுங்கள். குழந்தையை முதுகில் ஏற்றிப் பார்க்கும் வேடிக்கை வேண்டாம். முட்டையையோ குஞ்சையோ எடுத்து வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து வைத்திருக்கும் பிராணி அது என்பதை நீதிமன்றத்தில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிவரும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை நாயை விரட்டிக்கொண்டு நின்றாலே பெரிய உதவி.

தமிழக அரசும் மகாராஷ்டிர அரசும் செய்ய வேண்டியது இவ்வளவே. முட்டையிடும் கரைகளை ஒட்டிய சாலை விளக்குகளுக்குக் கடல் பக்கமாக மூடி போட வேண்டும். பருவ மாதங்களில் இரவு பதினொரு மணிக்குமேல் தேவையற்றவற்றை அணைக்க வேண்டும். கடற்கரை ஓட்டல்களுக்கும் இதே உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும். வலைக்கருவியை அரசுச் செலவில் ஒவ்வொரு இழுவலைப் படகுக்கும் கொடுத்துவிட்டு, அதன்பின் அது இல்லாமல் துறைமுகத்தை விட்டு எந்தப் படகும் புறப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மகாராஷ்டிரக் கரையில் ஆமைகள் நவம்பரிலேயே ஏறத் தொடங்கிவிடும். விளக்குகளுக்கு மூடி போடும் வேலையையாவது தீபாவளிக்குள் முடிக்கும்படி இரு அரசுகளையும் கேட்டுக்கொள்கிறோம்.